யாரும் சுருட்டாத பாய்

வியாழன், ஆகஸ்ட் 21. மாலை யோகா வகுப்பு.

இன்றைய பிழை: கடைசி ஓய்வில் படுத்திருந்த ஒரு மாணவியை எழுப்பாமலே வகுப்பை முடித்து, மற்றவர்களை அனுப்பிவிட்டேன். பயிற்சி ஆசிரியை செய்யக் கூடாத காரியம் என்று கையேட்டிலேயே இருக்கிறது. அதன் பிறகு நடந்த பேச்சை, மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். ‘அவள்’ பத்தாம் வகுப்பு. தூணுக்குப் பின்னால் கடைசியாகப் பாய் விரிப்பதால் வகுப்பில் அவளுக்குக் ‘கடைசிப் பாய்’ என்று பெயர். சாவி அண்ணன் கட்டடத்தைப் பூட்டுபவர். நான் அசட்டுத்தனமாகச் சொன்னவற்றையும் கோடிட்டு அடிக்கவில்லை.

அவள்: ...எல்லாரும் போயிட்டாங்களா?

நான்: போயிட்டாங்க. சட்டுன்னு எழுந்திருக்காத. வலது பக்கமா ஒருக்களிச்சு, கையை ஊன்றி...

அவள்: உங்க வலதா, என் வலதா?

நான்: உன் வலதுதான்.

அவள்: இல்லக்கா, இன்னைக்கு ‘வலது பக்கம் திரும்புங்க’ன்னு சொல்லிட்டு நீங்க வேற பக்கம் திரும்பினீங்க. பாதி பேர் உங்க வாயைக் கேட்டாங்க, பாதி பேர் உங்க கையைப் பாத்தாங்க. முன் வரிசையில அந்த ஒல்லிப் பையனும் பக்கத்துப் பொண்ணும் மூக்கும் மூக்கும் இடிக்கற மாதிரி...

நான்: உங்களைப் பாத்து நிக்கறேன்ல, குழம்பிடுது. எழுதி வெச்சுக்கறேன்.

அவள்: எல்லாத்தையும் எழுதுவீங்களா?

நான்: தப்பை மட்டும்.

அவள்: அப்ப பெரிய நோட்டா வாங்கணும்.

நான்: வாய் நல்லாத்தான் முழிச்சிருக்கு.

அவள்: ...நான் தூங்கிட்டேன் போல.

நான்: ஆமா. நல்ல தூக்கம்.

அவள்: அப்படியா?

நான்: லேசாக் குறட்டை கூட.

அவள்: குறட்டையா? நானா?

நான்: லேசா. பூனை மாதிரி.

அவள்: ...ஏன் எழுப்பல?

நான்: மறந்துட்டேன். தூண் மறைச்சுடுச்சு.

அவள்: மத்தவங்க பாக்கலையா?

நான்: ‘ஒருத்தி தூங்கறா, சத்தம் போடாமப் போங்க’ன்னு சொன்னேனே.

அவள்: அப்ப மறக்கல.

நான்: அது... சொன்னதுக்கு அப்புறம் மறந்துட்டேன். தண்ணி குடிக்கறியா?

அவள்: வேண்டாம்.

நான்: எழுந்து வா, அந்தப் பக்கம் காத்து வருது.

அவள்: இங்கயே உக்காந்துக்கறேனே. இந்தப் பாய் நல்லா இருக்கு.

நான்: அது ஓரம் கிழிஞ்ச பாய்.

அவள்: கிழிஞ்சாலும் என் பாய்.

நான்: கண்ணாடி எங்க?

அவள்: ம்?

நான்: உன் கண்ணாடி. படுக்கறப்ப எல்லாரும் ஜன்னல் ஓரம் கழட்டி வைப்பீங்களே.

அவள்: பையில இருக்கு.

நான்: உறையிலதானே?

அவள்: உறையிலதான். கடையில கேக்கற மாதிரியே கேக்கறீங்க.

நான்: பகல் முழுக்கக் கண்ணாடிக் கடையில அதைத்தானே கேட்டுட்டு இருக்கேன். வாய்ப்பாடு மாதிரி வந்துடுது.

சாவி அண்ணன்: டீச்சர்! மேல இன்னும் ஆள் இருக்கா?

நான்: இருக்கோம் அண்ணே! கொஞ்ச நேரம்!

சாவி அண்ணன்: கொஞ்ச நேரம்னா உங்க கொஞ்ச நேரமா, என் கொஞ்ச நேரமா?

நான்: நடுவுல ஒண்ணு அண்ணே!

அவள்: பாவம் அவர். போயிடலாமா?

நான்: போலாம். நாளைக்கு நீ காலையிலேயே போகணும்ல.

அவள்: எங்க?

நான்: எங்கயா? கணக்குத் தேர்வு. ஒரு மாசமா உங்கம்மா என்கிட்ட அதைத் தவிர வேற எதுவும் பேசினதில்ல.

அவள்: ஓ... அது.

நான்: ‘ஓ அது’வா?

அவள்: மறு தேர்வுக்கா. எழுதாதவங்களுக்கு, எழுதத் தெரியாதவங்களுக்கு. நான் முதல் வகை.

நான்: தெரியும்.

அவள்: அம்மா உங்ககிட்ட என்னன்னு சொன்னாங்க? வயித்து வலின்னுதானே?

நான்: வயித்து வலி, நடுவுல எழுந்து வந்துட்டா, டாக்டர் பாத்தாரு, வயித்துல ஒண்ணும் இல்லைன்னாரு, யோகாவுல சேத்துவிடுங்கன்னாரு.

அவள்: வயித்துல ஒண்ணும் இல்லைன்னா அனுப்பற இடம் இது.

நான்: எங்க மேல டாக்டருக்கு அவ்வளவு மரியாதை.

அவள்: அக்கா, நிஜமாச் சொல்லுங்க. அந்தப் போஸ்டர்ல போட்டிருக்கே, ‘இளம் வயதினருக்கு யோகாவின் நன்மைகள்’. ‘மன அமைதி, கூர்ந்த கவனம், தன்னம்பிக்கை.’ அந்தப் பொண்ணு வேற தலைகீழா நின்னுக்கிட்டு சிரிக்குது. தலைகீழா நிக்கறப்ப யாராவது சிரிப்பாங்களா?

நான்: படத்தைத் திருப்பி மாட்டியிருப்பாங்களோ என்னவோ.

அவள்: அதெல்லாம் உண்மையா?

நான்: உனக்கு என்ன தோணுது? ரெண்டு மாசமா வர்றே.

அவள்: நீங்கதானே டீச்சர்.

நான்: பயிற்சி டீச்சர். அதனாலதான் உன்னைக் கேக்கறேன்.

அவள்: ம்... தம்பியை அடிக்கறது கொறைஞ்சிருக்கு.

நான்: அது போஸ்டர்ல இல்லையே.

அவள்: கை ஓங்கறேன், அப்புறம் ஏதோ ஒரு மூச்சு நடுவுல வந்துடுது. அதுக்குள்ள அவன் ஓடிடறான். அவனுக்குத்தான் நன்மை. அப்புறம், பையைத் தூக்கித் தூக்கி இங்க பிடரியில ஒரு கல்லு மாதிரி இருக்கும், அது இப்ப இல்ல. தூக்கம்... முன்ன போனை முகத்து மேல போட்டுக்கிட்டு விடிய விடிய முழிச்சிருப்பேன். இப்ப போன் விழறதுக்கு முன்னாடி நான் விழுந்துடறேன்.

நான்: நல்லதுதானே?

அவள்: ஆனா அந்த ஒண்ணு மட்டும் போகலக்கா.

நான்: எந்த ஒண்ணு?

அவள்: சிரிக்கக் கூடாது.

நான்: சிரிக்கல.

அவள்: கேள்வித்தாள் குடுத்தப்ப எனக்கு ஒண்ணும் ஆகல. முதல் கேள்வி தெரிஞ்ச கேள்வி. எழுதிட்டு இருக்கேன். திடீர்னு பக்கத்துல ஒரு சத்தம்... சர்ருன்னு.

நான்: என்ன சத்தம்?

அவள்: தாளைப் புரட்டற சத்தம். பக்கத்து பெஞ்சுக்காரி அடுத்த பக்கம் போயிட்டா. அப்புறம் பின்னாடி ஒண்ணு. அப்புறம் முன்னாடி. எல்லாரும் புரட்டறாங்க. நான் மட்டும் முதல் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். மூச்சு இங்க வந்து நின்னுடுச்சு. கை மரத்துப் போச்சு. எழுந்து வெளிய போயிட்டேன். கதவு, கதவு தாண்டிப் படி, படி தாண்டி பஸ். பஸ்ல உக்காந்தப்புறம்தான் வயித்து வலின்னு சொல்லலாம்னு தோணுச்சு.

நான்: யார்கிட்டயும் சொல்லலையா?

அவள்: தாள் புரட்டற சத்தம் கேட்டு ஓடி வந்தேன்னு சொல்லவா? வயித்து வலிக்காவது மாத்திரை இருக்கு. யோகா பண்ணினா அந்தப் பயம் போயிடுமா?

நான்: போயிடும்னு சொல்ல ஆசையா இருக்கு.

அவள்: ஆனா?

நான்: எனக்குத் தெரியல. இன்னும் எனக்கே எல்லாம் போகல. தினமும் உங்க முன்னாடி வந்து நிக்கறப்ப முழங்கால் ஆடுது.

அவள்: தெரியும். பேன்ட் ஆடும்.

நான்: தெரியுதா?

அவள்: காத்துன்னு நினைச்சுப்போம்.

நான்: கடையில ஒரு வழக்கம் உண்டு. ஒரு கண்ணாடி மாட்டுவேன், அப்புறம் இன்னொண்ணு. ‘முதலாவதா, ரெண்டாவதா?’ன்னு கேப்பேன். அவ்வளவுதான் என் வித்தை. பாத்துச் சொல்ல வேண்டியது போட்டிருக்கறவங்கதான். இப்ப அப்படி ஒண்ணு பண்ணிப் பாக்கலாமா?

அவள்: இப்பவா?

நான்: தோளைத் தூக்கி, நெஞ்சுல நல்லா மூச்சு இழு. ம். விடு. அது முதலாவது. இப்ப வயித்து மேல கை வை. தோளை விட்டுடு. மெதுவா இழு... இழுத்ததை விட விடறது நீளமா இருக்கட்டும். சூடான டம்ளரை ஊதற மாதிரி. இன்னும் கொஞ்சம்... ம். முதலாவதா, ரெண்டாவதா?

அவள்: ...ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னா கோவிச்சுப்பீங்களா?

நான்: மாட்டேன். கடையில யாரும் அதைச் சொல்ல மாட்டாங்க. ஏதோ பரீட்சை மாதிரி பயந்துக்கிட்டு ‘ரெண்டாவது, ரெண்டாவது’ன்னுடுவாங்க. அப்புறம் வீட்டுக்குப் போய்த் தலைவலி.

அவள்: அப்ப இன்னொரு தடவை பாக்கறேன்.

நான்: பாரு.

அவள்: ...ரெண்டாவது. நிஜமாத்தான். கொஞ்சம்.

நான்: கொஞ்சம் போதும். இரு, நாற்காலி மேசை போடறேன். அண்ணே! ஒரு நிமிஷம் மேல வர்றீங்களா?

சாவி அண்ணன்: பூட்டறதுக்குத்தானே?

நான்: இல்ல, பேப்பர் புரட்டறதுக்கு!

சாவி அண்ணன்: எதுக்கு?

அவள்: அக்கா, அவர்கிட்டச் சொல்லாதீங்க!

நான்: ஒண்ணும் சொல்லல. நீ வந்து நாற்காலியில உக்காரு.

அவள்: பாய்?

நான்: பாய் இருக்கட்டும்.

அவள்: அதை எடுக்காதீங்க. யாரும் எடுக்க வேண்டாம்.

நான்: யாரும் தொட மாட்டாங்க. வா.

சாவி அண்ணன்: வந்துட்டேன். என்ன டீச்சர், படுத்துட்டிருந்தவங்களை இப்ப உக்கார வெச்சுட்டீங்க? அடுத்து நடக்க வைப்பீங்களா?

நான்: அண்ணே, அந்த மூலையில பழைய பேப்பர் கட்டு இருக்குல்ல? ஒண்ணை எடுத்துக்கிட்டு அவளுக்குப் பின்னாடி உக்காருங்க. நான் முன்னாடி உக்கார்றேன். சும்மா புரட்டிக்கிட்டே இருக்கணும்.

சாவி அண்ணன்: படிக்கணுமா?

நான்: படிக்கலாம். மனசுக்குள்ள.

சாவி அண்ணன்: இது போன மாசத்துப் பேப்பர் ஆச்சே.

நான்: பரவாயில்ல அண்ணே. இந்தா, உனக்கு வெள்ளைத்தாள். உன் பேரை எழுது. அப்புறம் தெரிஞ்ச வாய்ப்பாடு எதையாவது எழுதிட்டே இரு.

அவள்: கண்ணாடி இல்லாம எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி தெரியும்.

நான்: எறும்பாவே எழுது. போட்டுக்கணும்னா போட்டுக்கோ.

அவள்: ...எறும்பே இருக்கட்டும்.

நான்: பாதம் ரெண்டையும் தரையில பதிய வை. நிக்கறப்ப நான் சொல்வேனே, தரையைக் கீழ தள்ளற மாதிரி. அதேதான், உக்காந்துக்கிட்டு. அண்ணே, ஆரம்பிங்க.

சாவி அண்ணன்: ...அடடே, இந்தப் பாலத்தை இன்னும் கட்டி முடிக்கலையா?

நான்: அண்ணே!

சாவி அண்ணன்: சரி சரி. வாயைத் திறக்கல.

அவள்: அக்கா...

நான்: எழுது.

அவள்: அவர் ரொம்ப வேகமாப் புரட்டறாரு.

நான்: பக்கத்து பெஞ்சுக்காரி இதை விடவா?

அவள்: ...அக்கா, வருது.

நான்: வரட்டும். பாதம். நீளமா விடு.

அவள்: முடியல.

நான்: இன்னும் ஒரு...

அவள்: முடியலக்கா!

நான்: ஏய், எங்க போறே? நாற்காலி... விழுந்துடாத!

சாவி அண்ணன்: என்ன ஆச்சு டீச்சர்? பாப்பா கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. நான் ஏதாவது தப்பாப் புரட்டிட்டேனா?

நான்: இல்ல அண்ணே. பேசாதீங்க.

சாவி அண்ணன்: நிறுத்திடட்டுமா?

நான்: ...இல்ல. புரட்டுங்க.

சாவி அண்ணன்: பாவமா இருக்கு டீச்சர்.

நான்: எனக்கும்தான். புரட்டுங்க.

சாவி அண்ணன்: விளையாட்டுப் பக்கமும் முடிஞ்சுது. மறுபடி முதல்ல இருந்து வரவா?

நான்: வாங்க.

சாவி அண்ணன்: ...டீச்சர். திரும்பி வருது.

நான்: பாக்காதீங்க. பேப்பரைப் பாருங்க.

அவள்: ஒம்பதாம் வாய்ப்பாட்டுல எதுல விட்டேன்?

நான்: நீயே பாரு.

அவள்: எறும்பாத்தான் இருக்கு. பரவாயில்ல... எழுதறேன். அண்ணே, நீங்க புரட்டுங்க. நிறுத்திட்டு நிறுத்திட்டுப் புரட்டினாத்தான் பயமா இருக்கு.

சாவி அண்ணன்: உத்தரவு!

அவள்: ...முடிச்சுட்டேன்.

நான்: முடிச்சுட்டியா?

அவள்: பக்கம் முடிஞ்சுது. நானும் புரட்டப் போறேன்.

சாவி அண்ணன்: அதுவும் என் பேப்பர் மாதிரியே சர்ருன்னுதான் சத்தம் போடுது.

நான்: ரொம்ப நன்றி அண்ணே. இப்ப பூட்டிடலாம்.

சாவி அண்ணன்: என்ன ஆசனம் இது? பேர் சொன்னா நாளைக்கு வீட்லயும் பண்ணுவேன்.

அவள்: பத்திரிகாசனம்.

சாவி அண்ணன்: இதைத்தான் முப்பது வருஷமாப் பண்ணிட்டு இருக்கேன்னு என் வீட்டம்மாகிட்டச் சொல்லணும். கீழ கதவுகிட்ட நிக்கறேன், சீக்கிரம் வாங்க.

நான்: ...மன்னிச்சுக்கோ.

அவள்: எதுக்கு?

நான்: நாளைக்குத் தேர்வை வெச்சுக்கிட்டு இன்னைக்குப் போய் இதைப் பண்ணியிருக்கக் கூடாது. நீ எழுந்து ஓடினப்ப, கெடுத்துட்டோம்னு நினைச்சேன். பலிக்கலையேன்னு...

அவள்: அக்கா, போன தடவை நான் திரும்பி வரல. கதவு, படி, பஸ். இன்னைக்குக் கதவோட நின்னுடுச்சு. கதவுகிட்டயே மூச்சை ஊதிட்டு நின்னேன். பயம் போகல. ஆனா காலு அது சொன்ன பேச்சைக் கேக்கல.

நான்: தேர்வுல அப்படி எழுந்து போனா திரும்ப உள்ள விடுவாங்களா?

அவள்: தண்ணி குடிக்கக் கேட்டா விடுவாங்க. அந்த ஒல்லிப் பையன் எங்க கிளாஸ்தான், எல்லாத் தேர்வுலயும் போவான்.

நான்: அவனுக்கும் ஏதோ சத்தம் கேக்குதோ என்னவோ.

அவள்: ...இருக்கும்ல?

நான்: நாளைக்கு வாசல் வரைக்கும் நான் வரட்டுமா? கடைக்குக் கொஞ்சம் லேட்டாப் போகலாம்.

அவள்: ஐயோ வேண்டாம். உங்க பேன்ட் ஆடறதைப் பாத்தா எனக்கு இன்னும் பயம் வரும்.

நான்: சரி. கிளம்பு. நான் பாயைச் சுருட்டிடறேன்.

அவள்: வேண்டாம்! நானே சுருட்டறேன்.

நான்: இங்க வழக்கம் தெரியும்ல? அவங்கவங்க பாயை அவங்களே சுருட்டக் கூடாது.

அவள்: தெரியும். பக்கத்துல இருக்கறவங்கதான் சுருட்டணும். இன்னைக்கு ஒரு நாள் மட்டும்... ப்ளீஸ்.

நான்: ...சரி. நான் அந்தப் பக்கம் ஜன்னலைச் சாத்திட்டு வர்றேன். கொக்கி இறுகிக் கிடக்கு. நேரமாகும்.

அவள்: சரிக்கா.

நான்: ...முடிஞ்சுதா?

அவள்: ம். அக்கா, கண்ணாடி... இங்க விழுந்து கிடந்துச்சு.

நான்: பையில இருக்குன்னு சொன்னியே?

அவள்: பையில இருந்து விழுந்திருக்கும்.

நான்: கொண்டா. காதுக் கம்பி லேசா வளைஞ்சிருக்கு. இரு... இப்ப போட்டுப் பாரு. மூக்குல அழுத்துதா?

அவள்: இல்ல.

நான்: எறும்பு?

அவள்: எழுத்தாயிடுச்சு.

நான்: வா, விளக்கை அணைக்கறேன். அண்ணன் கீழ பத்திரிகாசனத்துல இருப்பாரு.

அவள்: அக்கா.

நான்: ம்.

அவள்: கண்ணாடி விழல. நான்தான் பாய்க்கு அடியில வெச்சேன்.

நான்: ம்.

அவள்: இங்க யார் சுருட்டினாலும் முட்டி போட்டு அமுக்கித்தானே இறுக்குவாங்க... உடைஞ்சு போயிருக்கும். என் பவருக்குப் புதுசு வர நாலு நாள் ஆகும்னு நீங்கதான் கடையில சொன்னீங்க. கண்ணாடி இல்லாம எப்படித் தேர்வு எழுதறது? யாரும் என்னைத் திட்ட முடியாது. பயந்துட்டா, ஓடிட்டான்னு சொல்ல முடியாது.

நான்: சுருட்டினவங்க?

அவள்: அது படுத்தப்புறம்தான் தோணுச்சு. அந்த ஒல்லிப் பையன் வந்து சுருட்டி, உடைஞ்சுதுன்னா, அவன் முகம் எப்படி இருக்கும்னு... எழுந்து எடுத்துடலாம்னா எல்லாரும் பாப்பாங்க. எடுக்காம எழுந்திருக்கவும் முடியல. அதான் தூங்கற மாதிரியே கிடந்தேன். நல்லவேளை, நீங்க எழுப்ப மறந்துட்டீங்க. ஆனா ஒண்ணு. நான் குறட்டை விடல.

நான்: தெரியும்.

அவள்: தெரியுமா? அப்ப மறந்துட்டேன், தூண் மறைச்சுதுன்னு சொன்னதெல்லாம்?

நான்: தூங்கறவங்க பாதம் ரெண்டும் வெளிப்பக்கமாச் சாஞ்சிடும். உன் பாதம் ரெண்டும் கூரையைப் பாத்து நின்னுட்டு இருந்துச்சு. ஜன்னல் ஓரத்துல எல்லார் கண்ணாடியும் இருந்துச்சு, உன்னோடது மட்டும் இல்ல. உன் பாய் ஓரத்துல ஒரு சின்ன மேடு. நான் மறக்கல. நீ எழுந்தா யாராவது வந்து சுருட்டிடுவாங்க... நீ அதுலயே படுத்திருந்தா முடியாதுல்ல? அதனாலதான் எழுப்பல.

நாளை: வகுப்புக்கு முன் கடைசி வரிசையில் இரண்டு பாய்கள் விரிக்க வேண்டும். தூணுக்குப் பின்னால் அவளுடையது, பக்கத்தில் என்னுடையது. முதல் பாதியை அங்கிருந்தே சொல்லித்தரலாம். அப்போது என் வலதும் அவர்கள் வலதும் ஒரே பக்கம் இருக்கும். தேர்வு எப்படி என்று நானாகக் கேட்கக் கூடாது.